விரலளவுக் கருவியும் வீட்டுப் படங்களும்

பெருவிரல் நீளமே உள்ள பென்ட்ரைவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். அதைப் பயன்படுத்தும் முறையைக் கடைப் பையன்கூடச் சொல்லித் தருவானே, அதற்காக ஒரு கல்லூரி ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை நிரப்ப வேண்டுமா என்றும் கேட்கலாம். கோப்புகளைச் சுமந்து செல்வது மட்டுமே அதன் தொழிலாயின் அக்கேள்வி நியாயமானதே. ஆயின் அதே பென்ட்ரைவ், படுத்துவிட்ட கணினி ஒன்றை எழுப்பி நடமாட வைக்கவும் வல்லது. அதற்கு அதனை ஆயத்தஞ் செய்யும் வழி ஒன்றன்று, பல. எந்த வழியை எவர் எப்போது கைக்கொள்வது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இப்பொருளைப் பேசுவதற்கு இப்போது தக்க காரணமும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ வேண்டுமாயின், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் வேண்டும். திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலிருந்து சீனன்குடா வரை, நாம் அறிந்த வீடுகளில் எத்தனை கணினிகள் இந்நிபந்தனைக்குள் அடங்கும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியதை எவரும் மறந்திரார். அன்று முதல் நம்மவர் வீடுகளில் பழைய மடிக்கணினியைப் போற்றிப் பேணுவது சிக்கனம் மட்டுமன்று, வேறு வழியின்மையுமாகும்.

இத்தகைய பழைய கணினிகளுக்குப் புகலிடமாக நிற்பது லினக்ஸ். 1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் பொழுதுபோக்காகத் தொடங்கிய இம்முறைமையின் கருவை இன்று உலகெங்குமுள்ள நிரலாளர்கள் சேர்ந்து வளர்க்கின்றனர். காசு கொடாமலே பெறலாம், பிறருக்கும் வழங்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். இத்தகைய திறந்த மென்பொருள் நம் நாட்டுக்குப் புதியதன்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எமது கரையையும் சூறையாடிய பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கில் வைப்பதற்கு இலங்கை நிரலாளர்களே ‘சகானா’ என்னும் மென்பொருளை உருவாக்கினர். அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. இதனை வகுப்பில் சொல்லும்போது மாணவர் முகங்களில் ஒரு நிமிர்வைக் காண்கிறோம். அந்த நிமிர்வு வேண்டியதுதான்.

இனி, லினக்ஸைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கும் பென்ட்ரைவுக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நிறுவனமொன்று இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் கொள்ளளவு 8 மெகாபைட் மட்டுமே. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 32 கிகாபைட் பென்ட்ரைவ் அதனைப்போல ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு கொள்ளும். லினக்ஸ் விநியோகங்கள் ‘ஐ.எஸ்.ஓ.’ என்னும் ஒற்றைக் கோப்பாக வருகின்றன. இது ஓர் இறுவட்டின் முழு வார்ப்பு. மாணவர் பலர் இக்கோப்பை வழக்கம்போலப் பென்ட்ரைவில் பிரதிசெய்துவிட்டு, “சேர், ஒண்டும் வருகுதில்லையே” என்று வந்து நிற்பதுண்டு. சமையற் குறிப்புப் புத்தகத்தை அடுப்பின்மேல் வைத்தால் சோறு வெந்துவிடுமா? கணினி விழிக்கும்போது அது தேடுவது கோப்பையன்று, குறிப்பிட்ட இடத்தில் எழுதப்பட்ட தொடக்க நிரலையே. பழைய ‘பயோஸ்’ முறைக் கணினி பென்ட்ரைவின் முதல் 512 பைட்டுகளைப் படித்து அங்கிருந்து புறப்படும். புதிய ‘யூ.ஈ.எப்.ஐ.’ முறைக் கணினியோ, குறித்த வகைப் பகுதியொன்றில் குறித்த பெயருள்ள கோப்புறையைத் தேடிச் செல்லும். இவ்விரண்டில் எது எமது கணினி என்று அறியாமல் பென்ட்ரைவை ஆயத்தஞ் செய்வது, வீட்டு இலக்கம் எழுதாமல் கடிதத்தைத் தபாலிற் போடுவதற்கு ஒப்பாகும்.

கருவிகள் பலவற்றுள் நாம் கையாண்டவை நான்கு. அவற்றுள் பழமையானது யுனிக்ஸ் காலத்திலிருந்து வழிவழியாக வரும் ‘டிடி’ என்னும் கட்டளை. வார்ப்பை அப்படியே பிட் பிட்டாக எழுதிவிடும். மிகச் செவ்வையான வேலையாள், ஆயின் கேள்வியே கேளாத வேலையாள். ஓரெழுத்துத் தவறினால் பென்ட்ரைவுக்குப் பதிலாக வன்தட்டையே முகத்தில் மாறாத அமைதியுடன் அழித்துவிடும். இதனை உயர்தர மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆயின் வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவர் இதனைத் தொடாதிருப்பதே மேல்.

‘எட்ச்சர்’ என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் கோப்பைத் தெரிவுசெய், பென்ட்ரைவைத் தெரிவுசெய், எழுது என்று மூன்றே படிகள். கணினியின் சொந்த வன்தட்டைப் பட்டியலில் இயல்பாகவே காட்டாது. எழுதி முடித்த பின் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்புநோக்கியும் பார்க்கும். மலிவுப் பென்ட்ரைவுகள் மலிந்த இக்காலத்தில் இந்த ஒப்புநோக்கலையே நாம் பெரிதும் மதிக்கிறோம். குறை யாதெனில், ஒரு பென்ட்ரைவில் ஒரு லினக்ஸ் மட்டுமே. மிகுதி இடம் வீண். பின்னர் அதனை விண்டோஸில் செருகினால் அளவு சுருங்கியதுபோலத் தோன்றி, பென்ட்ரைவ் பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச வைக்கும். பழுதன்று, மீண்டும் வடிவமைத்தால் பழைய அளவு திரும்பிவிடும்.

‘ரூபஸ்’ விண்டோஸில் மட்டும் இயங்கும் சிறிய மென்பொருள். நிறுவ வேண்டியதில்லை, திறந்தாற் போதும். பயோஸா யூ.ஈ.எப்.ஐ.யா என்பதையும், பென்ட்ரைவின் பகுதிகளை எம்முறையில் வகுப்பது என்பதையும் நாமே தீர்மானிக்க விடுகிறது. உபுண்டு, டெபியன் வகைகளுக்கு இன்னுமொரு வசதியுண்டு. பென்ட்ரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ், கணினியை அணைத்ததும் அன்று செய்தவற்றையெல்லாம் மறந்துவிடும் இயல்பினது. ரூபஸ் மூலம் ஒரு பகுதியை நினைவுக்கென ஒதுக்கிவிட்டால் அது மறவாது. அடம்பிடிக்கும் பழங்கணினிகளுக்கு நாம் நாடுவது இதனையே.

2020 இல் வெளிவந்த ‘வென்டோய்’ இவை யாவற்றினின்றும் வேறுபட்டது. பென்ட்ரைவில் ஒருமுறை அதனை நிறுவிவிட்டால் போதும். நிறுவும்போது உள்ளிருப்பவை அழியும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க. அதன்பின் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைப் பாட்டுகளைப் பிரதிசெய்வதுபோலப் போட்டுக்கொண்டே போகலாம். கணினி அதிலிருந்து தொடங்கும்போது ஒரு பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். மிகுதி இடத்தில் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்துக்கொள்ளலாம். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் மாணவரிடையே லினக்ஸ் கைக்குக் கை பரவியது இதனாலேதான். லினக்ஸ் மின்ட் ஏறக்குறைய 3 கிகாபைட், உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 கிகாபைட். கைப்பேசி டேட்டாவை அளந்து செலவிடும் வீடுகளில் இவை சிறிய அளவுகளல்ல. ஒருவர் இரவுநேர டேட்டாவில் இறக்கினால் இருபது பேர் பிரதிசெய்கின்றனர். வென்டோயினுள் முன்னரே தொகுக்கப்பட்ட நிரற்கூறுகள் கலந்திருப்பதைத் திறந்த மென்பொருள் அன்பர் சிலர் குறைகூறியதுண்டு. அக்குறை பொருளற்றதென்று நாம் ஒதுக்கமாட்டோம். ஆயினும் ஆய்வுகூடத்தில் அதன் பயன் கண்கூடு.

இவ்வளவையும் வகுப்பில் அட்டவணையாக எழுதிப்போட்டால் மாணவர் குறித்துக்கொள்வர், பரீட்சை முடிந்ததும் மறப்பர். தெரிவு என்பது உண்மையில் யாதென்று எமக்கும் அவர்களுக்கும் ஒருசேர விளங்கவைத்தது வேறொரு சம்பவம்.

விண்டோஸ் 10 இன் காலக்கெடு முடிந்து சில வாரங்களுக்குள், உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவனொருவன் தன் தாயாருடன் எமது வீட்டுக்கு வந்தான். பையில் ஒரு பழைய மடிக்கணினி. தொடக்கினால் திரையில் புள்ளிகள் வட்டமிடும், வட்டமிட்டுக்கொண்டேயிருக்கும். கடையொன்றில் காட்டியிருக்கிறார்கள். வன்தட்டை முற்றாக அழித்துத்தான் திருத்த முடியும், ஆனாலும் இக்கணினி இனி அதிக காலம் உதவாது, ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வைத்துப் புதிது வாங்குவதே நல்லது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். மாணவனின் தந்தையார் துறைமுகத்தில் வேலைபார்த்தவர். காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

“சேர், கம்பியூட்டர் போனால் போகட்டும்,” என்றார் அத்தாய். “இவன்ர அப்பா எடுத்த படங்கள் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்குது. அவற்ற போனும் பழுதாப் போச்சுது. படங்களை மட்டும் எடுத்துத் தர ஏலுமோ?”

“பார்ப்பம், அம்மா. படங்களை எடுக்கும் வரைக்கும் இந்தத் தட்டில ஓர் எழுத்தும் எழுத மாட்டம்,” என்று மட்டும் சொன்னோம். எடுத்துவிடலாம் என்று உறுதி கூற எமக்கு வாய் வரவில்லை. வன்தட்டே பழுதாயிருப்பின் எவ்வகைப் பென்ட்ரைவும் உதவாது.

மாணவன் கெட்டிக்காரன். எமது வென்டோய்ப் பென்ட்ரைவை அவன் அறிவான். “சேர், உங்கட பென்ட்ரைவில நாலு லினக்ஸ் இருக்குத்தானே, அதைப் போட்டுப் பார்ப்பமே?” என்றான். வேறு நாளாயின் அதைத்தான் செய்திருப்போம். ஆயின் அக்கணினியில் ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் இயங்கிக்கொண்டிருந்தது. 2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவலாகிய இக்காவல், ஒப்பமிடப்பட்ட தொடக்க நிரல்களை மட்டுமே உள்ளே விடும். வென்டோயை அதனூடாகச் செலுத்த வேண்டுமாயின், முதன்முறை ஒரு நீலத்திரையில் அதன் சாவியைக் கணினியினுள் பதிவுசெய்தல் வேண்டும். அல்லது காவலையே நிறுத்துதல் வேண்டும். வழமையான நாளில் இது இரண்டு நிமிட வேலை, தீங்குமில்லை. ஆனால் வன்தட்டு ‘பிட்லொக்கர்’ முறையிற் பூட்டப்பட்டிருக்குமாயின், இத்தகைய மாற்றமொன்றின் பின் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அச்சாவி எங்கேயென்று அறிந்திருக்கக் கூடியவர் இப்போது இல்லை. பூட்டப்பட்டுள்ளதா என்பதும் அவ்வேளை எமக்குத் தெரியாது. தெரியாதவிடத்து எதனையும் மாற்றாமல் உள்ளே போகும் வழியே வழி.

ஆகவே வேறொரு பென்ட்ரைவை எடுத்தோம். எமது கணினியில் இருந்த லினக்ஸ் மின்ட் வார்ப்பை எட்ச்சர் மூலம் அதில் எழுதினோம். மின்ட்டின் தொடக்க நிரல் முறைப்படி ஒப்பமிடப்பட்டது, காவலைக் கடக்கச் சாவிப் பதிவு வேண்டியதில்லை. எழுதுவதற்கு முன்னர் வார்ப்பின் ‘ஷா-256’ கைரேகையை, 64 எழுத்துகளையும், வெளியீட்டாளர் தந்ததுடன் மாணவனைக் கொண்டே ஒப்பிடச் செய்தோம். அவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. 2016 பெப்ரவரி 20 அன்று மின்ட்டின் இணையத்தளத்தையே ஊடுருவிய சிலர், பதிவிறக்கும் இணைப்பை மாற்றிக் கள்ள வாயில் வைத்த வார்ப்பைக் கொடுத்த கதையைச் சொன்னோம். அதன்பின் வாய்திறவாமல் எழுத்தெழுத்தாகப் பார்த்தான். எழுதுவதற்கும் ஒப்புநோக்குவதற்கும் பத்து நிமிடமளவில் ஆயிற்று. அவ்வேளையில் அத்தாய் தேநீரைத் தொடவேயில்லை.

கணினியை அணைத்து, பென்ட்ரைவைச் செருகி, மீண்டும் தொடக்கி ‘எப் 12’ விசையை அழுத்தினோம். (நிறுவனத்துக்கு நிறுவனம் இவ்விசை வேறுபடும். சிலவற்றில் எப் 9, சிலவற்றில் எஸ்கேப்.) பட்டியலில் பென்ட்ரைவைத் தெரிவுசெய்ததும் மின்ட்டின் முகப்பு வந்தது. அந்த நிலையில் லினக்ஸ் நினைவகத்தில்தான் இயங்குகிறது. நாமாகச் சொன்னாலன்றி வன்தட்டில் எதனையும் எழுதாது. வன்தட்டைத் திறந்தோம். பூட்டில்லை. விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நின்றுபோயிருந்தமையால் படிக்க மட்டுமே இசைந்தது, எழுத இசையவில்லை. அன்றைக்கு அதனினும் நல்லது வேறில்லை.

ஏறக்குறைய 9 கிகாபைட் படங்கள். ஒரு பென்ட்ரைவில் பிரதிசெய்து, பின்னர் இன்னொன்றிலும் பிரதிசெய்தோம். சரியாக வந்தனவா என்று பார்க்க இடையில் ஒரு படத்தைத் திறந்தபோது, கடலைப் பின்னே வைத்து ஒரு மனிதர் கண்களைச் சுருக்கிக்கொண்டு நின்றார். “இது கோணேசர் கோயிலுக்குப் போன அண்டைக்கு எடுத்தது. இதை எடுத்தது நான். வடிவா எடுக்கத் தெரியேல்ல எண்டு பேச்சு வாங்கினனான்,” என்றார் தாய். மகன் திரையைப் பார்த்தபடி நின்றான். நாம் அடுத்த கோப்புறையைத் திறவாமல் சற்றுநேரம் காத்திருந்தோம்.

அதன்பின் நடந்தவை சுருக்கமானவை. வன்தட்டைச் சோதித்தோம், நலமாயிருந்தது. படங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன என்று உறுதியான பின்னரே, தாயின் சம்மதத்துடன் அதே பென்ட்ரைவிலிருந்து மின்ட்டை நிறுவினோம். அதன் எளிய பதிப்புக்கு அக்கணினியின் 4 கிகாபைட் நினைவகம் தாராளம். உயர்தரப் பாடத்துக்கு வேண்டிய பைதன் மொழி அதில் முன்னரே உண்டு. நம் நாட்டில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் சேர்த்துக் கொடுத்தோம். கட்டுரைகளை இப்போது அதிலேயே தட்டெழுதிக் கொண்டுவருகிறான். எழுத்துப் பிழைகள் முன்போலவே உள்ளன. அவற்றுக்கு லினக்ஸில் மருந்தில்லை.

இச்சம்பவத்தை வகுப்பில் சொன்ன பின் மாணவரின் கேள்வி மாறிவிட்டது. முன்னர் ‘எது மிகச் சிறந்த மென்பொருள்?’ என்று கேட்டனர். இப்போது ‘இந்தக் கணினியில் எதை இழக்கக்கூடாது?’ என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை தெரிந்தால் மென்பொருள் தானே வந்து சேரும். ஒரே கணினி, ஒரே முறை நிறுவல், அச்சமுள்ள பெற்றோர் என்றால் எட்ச்சர். பல கணினிகள், பல வார்ப்புகள், குறைந்த டேட்டா என்றால் வென்டோய். பழைய பயோஸ் இயந்திரம் அடம்பிடித்தால் ரூபஸ். டிடி எமக்கு மிகவும் பிடித்தமானது, எனவே பிறருக்குச் சிபாரிசு செய்வதில்லை.

வாங்கும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் பெருங்கொள்ளளவுப் பென்ட்ரைவுகள் சில பொய் சொல்வன. 128 என்று காட்டும், உள்ளே 8 கூட இராது. முழுவதையும் எழுதிப் படித்துப் பார்க்கும் ‘எப்3’ போன்ற சோதனை நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயன்படுத்துமுன் ஒருமுறை ஓடவிடுக. மின்சாரத்தையும் நம்புவதற்கில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. பென்ட்ரைவில் எழுதும்போது மின்சாரம் போனால் பாதகமில்லை, மறுபடி எழுதலாம். வன்தட்டின் பகுதிகளை மாற்றும்போது போனால் நிலைமை வேறு. மடிக்கணினியின் மின்கலம் நிரம்பியிருப்பதைப் பார்த்த பின்னரே நிறுவலைத் தொடங்கச் சொல்கிறோம். கடற்காற்றில் உப்புப் பூத்து முனைகள் கறுப்பதால் எமது பென்ட்ரைவுகளை மூடியுள்ள டப்பாவொன்றில் வைத்திருக்கிறோம். நூல் கட்டி, எதில் என்ன இருக்கிறது என்று எழுதியும் இருக்கிறோம். விரலளவுப் பொருள்கள் தொலைவதில் வல்லவை.

இப்போது எம்முன்னுள்ள வேலை ஆய்வுகூடத்தின் மூலையில் கிடக்கும் இரண்டு பழங்கணினிகள். அவை 32 பிட் செயலி கொண்டவை. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இல் அத்தகைய இயந்திரங்களுக்கான நிறுவல் வார்ப்பு இல்லை. ஆகவே அதற்கு முந்திய டெபியன் 12 இன் வார்ப்பை எடுத்து வைத்திருக்கிறோம். அவ்விரண்டும் வென்டோய்க்கு இசையுமா, ரூபஸையே நாட வேண்டிவருமா என்று பார்ப்பதற்கு அந்த மாணவனே அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.